மூளைக்கு ரத்தம் போதவில்லையா? ஒரு டீச்சரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: எனக்கு 61 வயது. உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருவதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 'சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பு, ஃபசெகாஸ் 1' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் மூளைக்கு ரத்தம் குறைகிறதா? என் தோழி ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை சாப்பிடு, தினமும் கொஞ்ச நேரம் தலைகீழாக நில், ரத்தம் நன்றாக ஏறும் என்கிறாள். காபியை விட வேண்டுமா? திரும்பவும் ஸ்கேன் எப்போது எடுப்பது? இன்னொரு சந்தேகமும் உண்டு. மிகச் சிறிய ரத்தக்குழாயான தந்துகியின் சுவர் ஒற்றைச் செல் அடுக்கு, அதில் தசை கிடையாது என்றுதான் காலமெல்லாம் பாடம் நடத்தினேன். இப்போது தந்துகிகளே மூளையில் ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று படிக்கிறேன். தசையே இல்லாத குழாய் எப்படிச் சுருங்கும், எப்படி விரியும்? (பி.பி. உண்டு. மாத்திரை நினைவு வரும்போது போடுகிறேன்.)

பதில்: டீச்சர், பயப்பட வேண்டாம் என்று ஆரம்பித்தால் யாரும் நம்புவதில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூளைக்கு ரத்தம் குறைகிறது என்று அந்த ரிப்போர்ட் சொல்லவில்லை. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இந்தச் சின்னஞ்சிறு குழாய்கள் கண்ணுக்கே தெரியாது. தெரிவதெல்லாம், அவை ரத்தம் கொடுக்கும் திசுவில், குறிப்பாக வெண்பொருளில் (மூளையின் உள்ளே நரம்பு நார்கள் ஓடும் பகுதி), அங்கங்கே விழுந்திருக்கும் வெள்ளைப் புள்ளிகள்தான். அவற்றை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பதுதான் ஃபசெகாஸ் அளவுகோல். 1 என்றால் புள்ளிகள் தனித்தனியாக இருக்கின்றன, ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகவில்லை என்று பொருள். 60 வயது தாண்டியவர்களை வரிசையாக உட்காரவைத்து ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஏதாவது கொஞ்சம் இருக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆக, இது புறக்கணிக்க வேண்டிய விஷயமும் இல்லை, தூக்கம் கெட வேண்டிய விஷயமும் இல்லை.

ஆனால் உங்கள் தோழியின் யோசனைக்குப் பின்னால் பலருக்கும் இருக்கிற ஒரு நினைப்பு இருக்கிறது. மூளைக்கு ரத்தம் எவ்வளவு அதிகமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது என்பது. அங்கேதான் தப்பு நடக்கிறது. உடல் எடையில் மூளை வெறும் 2 சதவீதம்தான், ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மி.லி. ரத்தத்தை அது வாங்கிக்கொள்கிறது, உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அங்கேதான் போகிறது. நீங்கள் கடினமான கணக்கு ஒன்றைப் போட்டாலும் சரி, ஜன்னலை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சரி, இந்த மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. சோகோலாஃப், கெட்டி முதலிய ஆய்வாளர்கள் 1955இல் ஆட்களை மனக்கணக்கு போடச் சொல்லி அளந்தே பார்த்துவிட்டார்கள், மூளையின் மொத்த ரத்த ஓட்டமும் சரி, ஆக்சிஜன் செலவும் சரி, குறிப்பிடும்படி ஏறவில்லை.

மாறுவது உள்ளே நடக்கும் பங்கீடு. இப்போது இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் பின்மண்டையில் பார்வைக்கான புறணிப் பகுதிக்கு ரத்தம் கூடுகிறது, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டால் அங்கே குறைந்து காதுக்கு மேலே உள்ள பகுதியில் கூடும். இதற்குப் பழைய சாட்சி ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1928இல் ஜான் ஃபுல்டன் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின்மண்டையில் ரத்தக்குழாய்கள் கோளாறாகப் பின்னிக்கிடந்தன, அந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ரத்தம் பாயும் இரைச்சல் கேட்கும். அவர் எதையாவது படிக்க ஆரம்பித்தால் அந்த இரைச்சல் கூடியது, படிப்பதை நிறுத்தினால் அடங்கியது. மற்றப் புலன்களைப் பயன்படுத்தியபோது அப்படிக் கூடவில்லை. ஸ்கேன் எதுவும் இல்லாத காலத்தில் வெறும் காதால் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

சரி, இந்தப் பங்கீட்டை யார் செய்கிறார்கள்? நீங்கள் பாடம் நடத்திய கணக்குப்படி நுண்தமனிகள், அதாவது தந்துகிகளுக்கு ரத்தம் கொண்டுவரும் சின்னத் தமனிகள். அவற்றின் சுவரில் மென்தசை இருக்கிறது, அது தளர்ந்தால் குழாய் விரியும், இறுகினால் சுருங்கும், தந்துகி பாவம் வந்ததை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பாடம் தவறு என்று சொல்ல மாட்டேன், தந்துகியின் சுவர் ஒற்றை அடுக்குதான், அதில் தசை நார் கிடையாதுதான். ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு வகைச் செல் பள்ளிப் பாடத்தில் இடம்பெறுவதில்லை. அதன் பெயர் பெரிசைட். அது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, 1870களிலேயே எபர்ட்டும் ரூஜேவும் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்துவிட்டார்கள், அது சுருங்கக்கூடியதாக இருக்கலாம் என்று ரூஜே அப்போதே ஊகித்திருந்தார். அதை நேரில் காட்ட நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மூளைத் தந்துகியின் உள்விட்டம் பெரும்பாலும் 4 முதல் 6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு. சிவப்பணுவின் விட்டமோ 7 மைக்ரானுக்கு மேல். குழாயைவிடப் பெரிய பொருள் குழாய்க்குள் போக வேண்டும்! அதனால் அணுக்கள் உடம்பை வளைத்து மடக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ நகர்ந்து போகின்றன. குழாயின் வெளிப்பக்கத்தில் சுமார் 50 மைக்ரானுக்கு ஒன்றாக, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு பெரிசைட்டின் உடல் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கிளைகள் குழாயை ஒட்டியே ஓடும், சில இடங்களில் குழாயைச் சுற்றிவளைத்துப் பிடித்திருக்கும். அந்தப் பிடி கொஞ்சம் இறுகினாலே போதும். குழாயின் ஆரம் 10 சதவீதம் குறைந்தால் ரத்த ஓட்டம் 10 சதவீதம் குறையும் என்று தோன்றும், ஆனால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதுவும் சாதாரணத் திரவத்துக்கு உள்ள கணக்கு, அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் இந்தச் சந்துக்குள் இன்னும் மோசமாகலாம்.

2006இல் டேவிட் அட்வெலின் லண்டன் குழு, விழித்திரையிலும் சிறுமூளைத் துண்டுகளிலும் பெரிசைட்டுகள் தந்துகியைச் சுருக்குவதையும் தளர்த்துவதையும் காட்டியது. 2014இல் அதே குழு உயிருள்ள விலங்கின் மூளையில் பார்த்தபோது, தூண்டல் கொடுத்ததும் தந்துகிகள் நுண்தமனிகளைவிட ஏறத்தாழ ஒரு விநாடி முன்னதாக விரிந்தன. உடனே எதிர்ப்பும் வந்தது. 2015இல் இன்னொரு குழு, இல்லை, வேலையைச் செய்வது மென்தசை மட்டும்தான், தந்துகிப் பெரிசைட்டுகள் அசையவில்லை என்றது. நான் பார்த்தவரை இந்தச் சண்டையில் பெரும்பகுதி எல்லைத் தகராறுதான். நுண்தமனி எங்கே முடிகிறது, தந்துகி எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது, முதல் நான்கு கிளைகள் வரை இருக்கும் செல்கள் பாதித் தசை போலவும் பாதிப் பெரிசைட் போலவும் இருக்கின்றன. ஒரு தரப்பு அவற்றைத் தசைக் கணக்கில் எழுதுகிறது, மறுதரப்பு பெரிசைட் கணக்கில். அப்புறம் 2021இல் ஒளியால் செல்களைத் தூண்டும் முறையைக் கொண்டு, உள்ளே ஆழத்தில் இருக்கும் பெரிசைட்டுகளும் சுருங்குகின்றன, ஆனால் மெதுவாக என்று காட்டினார்கள். ஆக, முதல் கிளைகளில் வேகமான கட்டுப்பாடு, உள்ளே போகப் போக நிதானமான கட்டுப்பாடு. இந்தச் சித்திரம் எனக்குச் சரியாகவே படுகிறது.

உங்களுக்கு இதைவிடச் சுவாரசியமாக இருக்கப்போவது அடுத்தது. சுருங்குவதும் விரிவதும் பாதிக் கதைதான், தந்துகியின் பெரிய வேலை உளவு பார்ப்பது. மனித மூளையின் தந்துகிகளை நீட்டிப் போட்டால் பல நூறு கிலோமீட்டர் வரும், எந்த நியூரானை எடுத்தாலும் 20 மைக்ரான் தூரத்துக்குள் ஒரு தந்துகி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நியூரான் வேலை செய்யும்போது பொட்டாசியம் அயனிகள் வெளியே வரும் என்பதை நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். சாதாரணமாகச் செல்களுக்கு வெளியே லிட்டருக்கு 3 மில்லிமோல் இருக்கும் பொட்டாசியம் அந்த இடத்தில் சற்று ஏறும். தந்துகியின் அந்த ஒற்றை அடுக்குச் சுவர்ச் செல்களில் இதை உணரும் வாய்கள், அதாவது அயனிகள் போய்வரும் வழிகள், இருக்கின்றன (கே.ஐ.ஆர். 2.1 என்று பெயர்). பொட்டாசியம் ஏறினால் அவை திறக்கும், செல்லின் உள்பக்கம் இன்னும் எதிர்மின்தன்மை அடையும், அந்த மின்மாற்றம் பக்கத்துச் செல்லுக்குத் தாவும், அது அதற்கு அடுத்த செல்லுக்கு, இப்படியே ரத்தம் வரும் திசைக்கு எதிராக ஏறிப் போய் நுண்தமனியைத் தொடும். அங்கே மென்தசையின் கால்சியம் வாய்கள் மூடிக்கொள்ள, தசை தளர, குழாய் விரிகிறது. கடைமடையில் பயிர் வாடுகிற செய்தி தலைமடைக்குப் போய் அங்கே மதகு திறக்கிற மாதிரி. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் நெல்சனின் குழு 2017இல் வெளியிட்ட வேலை இது. தசை இல்லாத குழாய் என்ன செய்துவிடப்போகிறது என்று கேட்டீர்கள் அல்லவா? தசை இருக்கும் குழாயை வேலை வாங்குகிறது.

பொட்டாசியம் ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடுவதில்லை. நைட்ரிக் ஆக்சைடு, ப்ராஸ்டகிளாண்டின் ஈ2, அடினோசின், ரத்தத்தில் ஏறும் கார்பன் டையாக்சைடு, குழாயைப் பாதம் வைத்துச் சூழ்ந்திருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள் என்று ஏகப்பட்ட பேர் சேர்ந்துதான் இது நடக்கிறது. கார்பன் டையாக்சைடை மட்டும் நீங்களே சோதித்துப் பார்த்திருப்பீர்கள், வேகவேகமாக மூச்சு வாங்கினால் தலை கிறுகிறுக்கும், ஏனென்றால் அந்த வாயு குறைந்ததும் மூளைக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன.

இதெல்லாம் நடக்க எவ்வளவு நேரம்? நியூரான்கள் சுறுசுறுப்பான ஒன்று இரண்டு விநாடிக்குள் ரத்தம் ஏற ஆரம்பிக்கும், ஐந்து ஆறு விநாடியில் உச்சம் தொடும். வருவதும் அளவுக்கு மீறி வரும். 1986இல் ஃபாக்ஸும் ரைக்லும் அளந்தபோது குறிப்பிட்ட இடத்தில் ரத்தம் 29 சதவீதம் கூடியது, ஆக்சிஜன் செலவோ 5 சதவீதம்தான் கூடியது. மூளை வேலை செய்யும்போது வண்ண வண்ணமாக ஒளிரும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அந்தச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. நியூரானைப் பார்ப்பதே இல்லை, இந்த உபரி ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். சிறு ரத்தக்குழாய் நோய் என்பது பெரும்பாலும் நுண்தமனிகளில் ஆரம்பிக்கும் சமாச்சாரம். வருடக்கணக்கில் அழுத்தத்தில் அடிவாங்கினால் சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, உட்சுவர்ச் செல்கள் சோர்ந்து, குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைக்கின்றன. கீழிருந்து செய்தி வந்தாலும் மேலே இருக்கும் குழாய் விரிய மறுக்கிறது. வெண்பொருளுக்கு ஏற்கெனவே சாம்பல்பொருளுக்குக் கிடைப்பதில் மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்கு ரத்தம்தான், அதுவும் நீளமான ஒல்லிக் குழாய்களின் கடைசியில். அதனால்தான் முதல் புள்ளிகள் அங்கே விழுகின்றன.

பெரிசைட்டுகளுக்கும் தனி ஆபத்துகள் உண்டு. பக்கவாதத்தில் அடைத்த பெரிய குழாயைத் திறந்துவிட்ட பிறகும் சில இடங்களுக்கு ரத்தம் திரும்பாமல் போவதற்கு ஒரு காரணம், ஆக்சிஜன் இல்லாமல் தவித்த பெரிசைட்டுகள் இறுகி, இறுகிய நிலையிலேயே செத்துப்போய்த் தந்துகியை நெரித்துக்கொண்டிருப்பதுதான், விலங்குகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா என்ற புரதமும் பெரிசைட்டுகளை இறுக வைக்கிறது என்று 2019இல் மனித மூளைத் திசுவிலேயே காட்டினார்கள். இதை வைத்து உங்களுக்கு அல்சைமர் வரப்போகிறது என்று கணக்குப் போடாதீர்கள், ஃபசெகாஸ் 1 அப்படி எதையும் சொல்லவில்லை.

தோழியின் யோசனைகள். ஜிங்கோவை அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் உள்ள 3,069 பேரிடம் வருடக்கணக்கில் சோதித்தார்கள், தினமும் இரண்டு வேளை 120 மில்லிகிராம். 2008இல் முடிவு வந்தது, மறதிநோய் வருவதை அது தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது, ரத்தக்கசிவு கூடலாம். தலைகீழாக நின்றால் தலைக்கு அழுத்தம் ஏறும், உண்மைதான், ஆனால் அழுத்தம் ஏறியதும் நுண்தமனிகள் சுருங்கி ஓட்டத்தைப் பழைய அளவிலேயே நிறுத்தப் பார்க்கும், அதுதான் அவற்றின் வேலை. கண்ணுக்குள் அழுத்தம் மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பி.பி. கட்டுக்குள் இல்லாத ஒருவர் இதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

காபி? குழாயை விரிக்கும் அடினோசின் வந்து ஒட்டும் ஏற்பிகளை அடைத்து மூளையின் ரத்த ஓட்டத்தை 20 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் பொருள் காஃபின். அதைக் குடித்துவிட்டுத்தான் உலகமே விழித்துக்கொள்கிறது! ரத்தம் குறைந்தால் புத்தி மங்கும் என்ற கணக்கு எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஒன்றிரண்டு கப் தாராளமாகக் குடியுங்கள். தினமும் குடித்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் நிறுத்தினால் தலைவலி வரும், ஒற்றைத் தலைவலிக்காரர் என்பதால் அதை மட்டும் மனதில் வையுங்கள்.

அப்புறம் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்த மாத்திரை. டீச்சர், உங்கள் கடிதத்திலேயே என்னைக் கவலைப்படுத்திய வரி அது ஒன்றுதான். மேலே சொன்ன நுண்ணிய ஏற்பாடு அத்தனையும் நுண்தமனியின் சுவர் இளக்கமாக இருப்பதை நம்பித்தான் இருக்கிறது, அதைக் கெடுப்பதில் பி.பி.க்கு இணை இல்லை. ஒருநாள் போட்டு இரண்டு நாள் விட்டால் அழுத்தம் ஏறி இறங்கி ஏறி இறங்கி இன்னும் தொந்தரவு. 2019இல் வெளியான ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மேல் அளவை 120க்குக் கீழேயும் மறுபக்கம் 140க்குக் கீழேயும் வைத்தார்கள். 120 பக்கத்தில் லேசான நினைவுக் குறைபாடு குறைவாகவே வந்தது, அவர்களில் ஸ்கேன் எடுத்தவர்களிடம் இந்த வெள்ளைப் புள்ளிகளும் மெதுவாகவே வளர்ந்தன. புள்ளிகளின் வளர்ச்சியைத் தடுக்க இவ்வளவு திடமான ஆதாரம் உள்ள வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. அதற்காக நீங்களாகவே மாத்திரையைக் கூட்டி 120க்குக் கீழே கொண்டுபோக முயல வேண்டாம், எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறவர்களுக்கு அந்த இலக்கு சரிவராது, உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போதைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை எழுதிக் கொடுத்தபடி போடுங்கள், பல் துலக்கும் இடத்தில் வைத்துவிட்டால் மறக்காது. வீட்டில் பி.பி. கருவி இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வெடுத்த பிறகு பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் அறையில் எடுக்கும் ஒற்றை அளவைவிட அது நூறு மடங்கு உபயோகம்.

சர்க்கரையையும் கொழுப்பையும் ஒருமுறை பாருங்கள், தினமும் நடங்கள், புகை வீட்டுப் பக்கமே வரக்கூடாது. இந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து யாராவது ஆஸ்பிரின் ஆரம்பிக்கச் சொன்னால் வேறு காரணம் இருக்கிறதா என்று கேளுங்கள், பக்கவாதமோ இதய நோயோ வந்திராதவருக்குப் பொதுவாகத் தேவைப்படாது. திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் பலமிழந்தாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு விஷயம், அப்போது யாருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டிருந்தீர்கள். புதிய அறிகுறி ஏதும் வராதவரை வருடா வருடம் எடுக்கத் தேவையில்லை. புள்ளி ஒன்று கூடியிருந்தாலும் சரி, கூடாமல் இருந்தாலும் சரி, உங்களுக்குத் தரப்போகும் சிகிச்சை மாறப்போவதில்லை. தலைவலிக்குத் தனியாக மருந்து இருக்கிறது. மாதத்தில் எத்தனை நாள் வருகிறது, வலிக்கு எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து அதையும் பி.பி. கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள். பி.பி.க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில ஒற்றைத் தலைவலியையும் குறைக்கும், உங்களுக்கு அது ஒத்துவருமா என்று டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.